பேன்ட் போட்டதால் வாசலில் நின்றார்!

1968-ம் வருடம். நியூயார்க்கில் பெரிய பணக்காரர்கள் கூடும் உணவகம் ஒன்றுக்குச் சாப்பிடப் போனார் நேன் கெம்ப்னர். ஊரறிந்த சீமாட்டி. உடுத்தியிருந்தது, பாரிஸின் புகழ்பெற்ற டிசைனரிடம் வாங்கிய கோட்டும் பேன்ட்டும். ஆனாலும் பேன்ட் போட்ட பெண்ணுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பேன்ட்டைக் கழற்றிவிட்டு, கோட்டையே குட்டை கவுன் போலப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்! ஃபேஷன் உலகம் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. கால் முழுக்க மூடியிருந்தால் தடை, தெரிந்தால் அனுமதி. என்ன கணக்கோ!

அந்த உடையை வடிவமைத்தவர் ஈவ் சான் லோரான். ஆண்கள் விருந்துக்கு அணியும் கறுப்பு கோட்டை, 1966-ல் பெண்களுக்காக மாற்றித் தைத்து 'லெ ஸ்மோக்கிங்' என்று பெயர் வைத்தார். அவருடைய பழைய பணக்கார வாடிக்கையாளர்கள் அதைச் சீண்டவில்லை. அதே வருடம் அவர் திறந்த ரெடிமேட் கடையில் இளம்பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இத்தனைக்கும் பாரிஸில் 1800-லேயே ஓர் உத்தரவு இருந்தது. ஆண் உடை அணிய விரும்பும் பெண் போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு, கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அது இனி செல்லாது என்று பிரான்ஸ் அரசு சொன்னது எப்போது? 2013-ல்!

விருந்துக்கு வந்த கோட், ஆபீஸுக்கு வந்ததில் இத்தாலியின் ஜார்ஜியோ அர்மானிக்குப் பெரிய பங்குண்டு. ஆண்களின் கோட்டுக்குள் இருந்த விறைப்பான துணியையும் பஞ்சையும் குறைத்து, உடலோடு இழையும்படி ஆக்கியவர் அவர். 1980-களில் அதிகாரி நாற்காலிகளுக்கு வரத் தொடங்கிய பெண்களுக்கு அந்தத் தையல் கைகொடுத்தது. அமெரிக்க செனட் சபைக்குள்ளோ, பெண் உறுப்பினர்கள் பேன்ட்டோடு நுழைய 1993 வரை ஆனது.

சரி, ஆண் கோட்டையே சின்ன சைஸில் தைத்தால் போதாதா? போதாது. தோள் அளவுக்குத் தைத்தால் மார்பில் பட்டன் இழுக்கும். மார்புக்குப் பார்த்தால் தோள் தொங்கும். அதனால்தான் டாட் பிடிக்கிறார்கள், அல்லது தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ இடுப்பு வரை வளைத்து வெட்டிச் சேர்க்கிறார்கள். நம் ஊர் ரவிக்கையில் பார்க்கும் அதே 'பிரின்சஸ் கட்'தான்! கைக்குழி ரொம்ப இறங்கினாலும் ஆபத்து. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் மொத்த கோட்டும் கூடவே ஏறிவிடும்.

இவ்வளவு மெனக்கெட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்தவர்கள், ஒன்றை மட்டும் பாதியில் விட்டுவிட்டார்கள். பாக்கெட்!

ஆண் கோட்டின் உள்பக்கத்தில் பர்ஸுக்கு, பேனாவுக்கு என்று தனித்தனி இடம் இருக்கும். பெண்கள் கோட் பலவற்றில் வெளியே மடிப்பு மட்டும் அழகாகத் தெரியும், உள்ளே பையே இருக்காது. பாக்கெட் வைத்தால் இடுப்பு பருமனாகத் தெரியும் என்பது பழைய சாக்கு. செல்போனை எங்கே வைப்பது? அதற்கும் ஒரு ஹேண்ட்பேக் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

இன்டர்வியூவுக்கோ முதல் வேலைக்கோ கோட் எடுக்கப் போகிறீர்களா? கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பட்டனைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்போடு முடிகிறதா பாருங்கள். நீளத்தையும் இடுப்பையும் டெய்லர் எளிதாகச் சரிசெய்துவிடுவார். தோள் சரியில்லை என்றால் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, செலவும் அதிகம். வேறு கோட் பார்ப்பதே மேல்.

பில் போடும் முன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லையா? சில கோட்டுகளில் உண்மையான பையையே, உருக்குலையாமல் இருக்க மேலோட்டமாகத் தைத்து மூடியிருப்பார்கள். அந்த நூலை வீட்டில் பிரித்துவிடலாம். பையே இல்லாத வெறும் மடிப்பு என்றால், உள்பக்கம் ஒரு பை வைத்துத் தர முடியுமா என்று டெய்லரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.