மறையும் கட்டி

எக்ஸ்-கதிர்ப் படம் என்பது நிழற்படமேயாகும். கதிரைத் தடுத்த பொருள் சதையா, சீழா, வெறும் நீரா என்பதை அதிலுள்ள வெண்மை தானாகச் சொல்லிவிடாது. இதனால் நேரும் மயக்கங்களுள் ஒன்றுக்கு மருத்துவர்கள் 'மறையும் கட்டி' என்றே பெயரிட்டுள்ளனர்.

நுரையீரலை இரண்டு மெல்லிய சவ்வுகள் போர்த்தியுள்ளன. அவற்றினிடையே இயல்பாகச் சில மில்லிலிட்டர் நீரே இருக்கும். வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் உள்ளன. மடல்களுக்கிடையேயுள்ள பிளவுகளினுள்ளும் உட்சவ்வு மடிந்து செல்கிறது. இருதயம் தளர்ந்து இரத்தத்தைச் சரிவர வெளித்தள்ள இயலாதபோது, நுரையீரல் நாளங்களில் அழுத்தம் மிகுந்து, நீர் இச்சவ்வுகளின் இடைவெளியில் கசிகிறது. பெரும்பாலும் அது மார்பின் அடியில் தேங்கும். பழைய அழற்சியால் சவ்வுகள் ஆங்காங்கே ஒட்டியிருந்தாலோ, பிளவிலேயே சிறைப்படுவதும் உண்டு. வலப்புறத்துக் கிடைமட்டப் பிளவில் இது மிகுதி. முன்புறப் படத்தில் வட்டமாகவோ முட்டை வடிவாகவோ நிழல் தெரியும். காண்போர் புற்றென்று அஞ்சுவதில் வியப்பில்லை.

பக்கவாட்டுப் படம் பெரும்பாலும் உண்மையைக் காட்டிவிடும். அதில் நிழல் இருபுறமும் குவிந்த வில்லைபோல், முனைகள் கூர்ந்து, பிளவின் கோட்டிலேயே படிந்திருக்கும். (ஒரு தட்டை விளக்கின் முன் திருப்பித் திருப்பிப் பிடித்தால் அதன் நிழல் வட்டமாகவும் கோடாகவும் மாறுவதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம்.) ஐயம் நீங்காவிடில் ஒலியலைப் படமோ சி.டி. படமோ உதவும். ஃபுரோசிமைடு போன்ற, சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளால் இருதயத்தின் சுமை குறைந்தபின் மறுபடம் எடுத்தால், கட்டி இருந்த சுவடே இராது. இருதயம் மீண்டும் தளர்ந்தால் அதே இடத்தில் அது திரும்பத் தோன்றுவதும் உண்டு.

இதனை உணராவிடின் விளையும் கேடு சிறிதன்று. திசு எடுக்க மார்பினுள் ஊசி செலுத்தினால் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கக்கூடும். இருதயம் தளர்ந்தவருக்கு அது பேராபத்து. உரிய மருந்தும் அதற்குள் தாமதமாகிவிடும். ஆயினும், நிழலெல்லாம் நீரென்று இருந்துவிடுவது அதனினும் கொடிய தவறு. மருந்தால் மறையாத நிழலை முழுமையாக ஆராய்ந்தே தீரவேண்டும். காசநோயாலும் புற்றுநோயாலும்கூட மார்பில் நீர் சேரும்.

கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவிகள் கிராமங்களின் காசநோய் முகாம்களுக்கே வந்துவிட்ட இந்நாளில், களப்பணியாளரின் பங்கு பெரிது. படத்தைப் படிப்பது அவர் வேலையன்று. ஆனால் படிப்பவர் அறியாத செய்தி அவரிடம் கிடைக்கும். படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா, முன்பு எப்போதேனும் மார்பிலிருந்து நீர் எடுத்ததுண்டா என்று கேட்டுப் பரிந்துரைச் சீட்டில் குறித்தனுப்புதல் வேண்டும். பழைய படம் வீட்டுப் பெட்டியில் கிடந்தால், அதனையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சொல்லலாம்.