தண்ணீர் தேடிய இடத்தில் நிலக்கரி!

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரிதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே இரவு பகலாக நடக்கும் இன்னொரு பெரிய வேலை என்ன தெரியுமா? தண்ணீர் இறைப்பது!

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்புப் பொருளும் வெளியே வந்தது. அதுதான் நிலக்கரி. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது.

அடியில் அடைபட்ட நீர்

நிலக்கரிக்குக் கீழே மணல் படுகை இருக்கிறது. அதில் நிறையத் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. சும்மா கிடக்கவில்லை, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்திலும் 6 முதல் 8 கிலோ எடை அழுத்தத்தில் மேலே முட்டுகிறது! மேலே உள்ள மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது.

மண்ணை எடுத்துவிட்டால்? தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் பொங்கும். சுரங்கம் குளமாகிவிடும். ஆகவே, சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மனிதர்களுக்குப் பொங்கல், தீபாவளி உண்டு. அந்தப் பம்புகளுக்கு இல்லை.

இறைத்த நீர் வீணாகவில்லை. அனல் மின் நிலையங்களுக்கும், நகரியத்தின் வீடுகளுக்கும் போகிறது. சென்னைக்கும் குடிநீராகப் போயிருக்கிறது. சுரங்கத்தில் சேரும் நீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் ஓடி, வயல்களில் பாய்கிறது.

யார் வீட்டுத் தண்ணீர்?

அந்த நீர் எங்கிருந்து வந்தது? விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் பெய்த மழைதான்! பலாவும் முந்திரியும் விளையும் அந்த மண், மழையைக் குடித்துக் கீழே அனுப்புகிறது.

முன்பு இந்தப் பகுதியில் குழாய் இறக்கினால் போதும். நீர் தானே பீறிட்டு வந்தது. இப்போது மோட்டாரை ஆழத்துக்கு இறக்கவேண்டியிருக்கிறது. சுரங்கம்தான் காரணம் என்கிறார்கள் விவசாயிகள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வயலுக்கு வயல் நாமும் துளை போட்டிருக்கிறோமே! இறைப்பவர்கள் பலர், திருப்பி ஊற்றுவது மழை ஒன்றுதான்.

அந்த மழைநீரை நாம் தேக்குகிறோமா? நெய்வேலிக்கு வடக்கே மேல்பட்டாம்பாக்கம் இருக்கிறது. அதற்கும் வடக்கே ஓடுவது தென்பெண்ணை ஆறு. 2024 டிசம்பரில், புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து, அது கரை புரண்டது. ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வந்த நீரில் பெரும்பகுதி, நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல், கடலூர் அருகே கடலில் கலந்துவிட்டது.