510 குடும்பங்களும் எண்ணப்படாதவர்களும்

தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய பேரூராட்சி மெலட்டூர். ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, இவ்வூர் வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் இரவு நெடுகப் பாகவத மேளா நடைபெறும். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பார்கள். நாடகத்தின் மொழி தெலுங்கு. காவிரிக் கரையில் தெலுங்கு நாடகம் எப்படி வந்தது என்று கேட்டால், ஊர் உருவான கதை விடையாகக் கிடைக்கும்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின், தெலுங்கு அறிஞர்களும் கலைஞர்களும் தஞ்சை நாயக்கர்களை நாடி வந்தனர். அவர்களில் 510 அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் அளித்து, அச்சுதப்ப நாயக்கர் இங்கே குடியமர்த்தினார் என்பது ஊர் மரபு. அவர் பெயரால் அச்சுதபுரம் என்றும் இவ்வூர் வழங்கியது. பின்னாளில் இவ்வூரின் வெங்கடராம சாஸ்திரி இயற்றிய ‘பிரகலாத சரித்திரம்’ முதலான நாடகங்களே இன்றும் மேடையேறுகின்றன.

இந்தக் கதையில் ஒரு குறை இருப்பதாக நான் நினைக்கிறேன். குடியேற்றம் என்றால், காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்களை நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால், நாயக்கர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே டெல்டா நெல் விளைந்த பூமி. சோழர் காலப் பிரம்மதேயங்களைப் போலவே, இத்தகைய கொடைகளின் சாரம் விளைச்சலின் மீதான உரிமைதான். உழவும் நடவும் அறுவடையும் குத்தகைதாரர்கள், சேரியில் வாழ்ந்த பண்ணையாட்கள் ஆகியோரின் கைகளில் இருந்தன. வந்தவர்களுக்கு எண்ணிக்கை உண்டு, உழுதவர்களுக்கு இல்லை.

உழுதவர்களை இந்த மாவட்டத்தில் சட்டம் கண்டுகொள்ள 1952 வரை ஆயிற்று. அந்த ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம், பெரிய நிலக்கிழார்கள் அவர்களை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956-இன் நியாய வாரச் சட்டம், பாசன நிலத்தின் விளைச்சலில் 60 விழுக்காட்டைக் குத்தகைதாரருக்கு உரியதாக்கியது. 1961-இல் நில உச்சவரம்பும் வந்தது. படிப்பும் வேலையும் ஏற்கெனவே அக்கிரகாரங்களை நகரங்களுக்கு இழுத்துக்கொண்டிருந்தன. இச்சட்டங்கள் அதை விரைவுபடுத்தின. இன்று வெளியூர்களில் வாழும் பலர் நாடகத்துக்காகவே மெலட்டூர் திரும்புகிறார்கள்.

அந்தக் கலை நிலைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தலைமுறை தலைமுறையாக அதைத் தாங்கியது அந்த வயல்களின் நெல். டெல்டா ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் கொடை அளித்த மன்னரோடும் பெற்ற குடும்பங்களோடும் நின்றுவிடக் கூடாது. பண்ணை வேலையையும், கூலி நெல் அளந்த மரக்காலையும் நேரில் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளுக்குச் செப்பேடு கிடையாது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வதுதான் ஒரே வழி.