பனிமலைச் சாலையில் மிதிவண்டி

மிதிவண்டியில் செல்வோர்க்கு ஏற்றம் என்றாலே ஓர் அச்சம் உண்டு. சாலையில் சிறியதொரு மேடு எதிர்ப்பட்டாலும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயின், 13 கிலோமீட்டர் தொலைவு இடையறாது மேல்நோக்கிச் செல்லும் மலைச்சாலை ஒன்றில், வண்டியை மிதித்தே ஏறவேண்டும் என்னும் ஆவலோடு ஆண்டுதோறும் மக்கள் வந்து கூடுகின்றனர். அவர்கள் வருவது கோடையில் அன்று. மலையின்மீது பனி இன்னும் உருகாது கிடக்கும் இளவேனிற் காலத்தில். அக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணமும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கில், கனடா நாட்டின் எல்லையை ஒட்டி, மான்டனா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. கிளேசியர் என்னும் சொல்லுக்குப் பனியாறு என்பது பொருள். 1910ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இப்பூங்கா, ராக்கி மலைத்தொடரின் சிகரங்களையும் ஏரிகளையும் ஊசியிலைக் காடுகளையும் தன்னகத்தே கொண்டது. இதன் மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லைவரை, மலைமுகட்டைக் கடந்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை ஒன்று செல்கிறது. ‘கதிரவனிடம் செல்லும் சாலை’ என்பது அதன் பெயரின் பொருள். சாலையின் உச்சி லோகன் கணவாய். கடல் மட்டத்திற்குமேல் 2,026 மீட்டர் உயரத்தில் உள்ளது.

இச்சாலை மிதிவண்டிக்காகப் போடப்பட்டதன்று. மோட்டார் வண்டியில் வருவோர் மலையழகைக் கண்டு மகிழவேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டது. ஜார்ஜ் குட்வின் என்னும் பொறியாளர் முதலில் வகுத்த திட்டப்படி, சாலை ஒரு பள்ளத்தாக்கின் வழியே 15 கொண்டையூசி வளைவுகளோடு மேலேறுவதாக இருந்தது. தாமஸ் விண்ட் என்னும் நிலக்காட்சிக் கலைஞர் அதனை ஏற்கவில்லை. அத்துணை வளைவுகள் மலையின் முகத்தையே கீறிச் சிதைத்துவிடும் என்று அவர் கருதினார். ‘கார்டன் வால்’ எனப்படும் நெடிய பாறைச் சுவரின் பக்கத்தைக் குடைந்து, ஒரே ஒரு பெரு வளைவோடு சாலையை மெல்ல மெல்ல உயர்த்திச் செல்லலாம் என்பது அவர் கருத்து. 1924ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஃபிராங்க் கிட்ரெட்ஜ் என்னும் பொறியாளர் அவ்வழியை அளந்தார். அவருடன் சென்ற பணியாளர் கயிற்றில் தொங்கியும், வழுக்கும் பாறை விளிம்புகளில் நடந்தும் அளவெடுத்தனர். பணியின் கொடுமை தாங்காது இடையிலேயே விலகிச் சென்றோர் பலர். சாலை அமைக்கும் வேலையில் மூவர் உயிரிழந்தனர். 1933ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் திறப்பு விழா நிகழ்ந்தது. மலையின் அழகைக் காக்கவும், மோட்டார் வண்டிகள் திணறாமல் ஏறவும் விரும்பி, 100 மீட்டர் சென்றால் 6 மீட்டருக்கு மிகாமல் உயரும்படி சாலையை அமைத்தனர். அந்த 6 விழுக்காட்டுச் சாய்வு மனிதனுடைய கால்களுக்கும் ஏற்றதாய் அமைந்தது எவரும் எதிர்பாராத நன்மையாகும்.

இதனைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 10 கிலோகிராம் எடையுள்ள வண்டியில் ஏறுகிறார் எனக் கொள்க. சமதரையில் இவ்வெடை முழுவதையும் தரையே தாங்கிக்கொள்கிறது. அவர் காற்றின் தடையையும் உராய்வையும் வென்றாற் போதும். சாய்ந்த சாலையிலோ எடையின் ஒரு பகுதி வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. 6 விழுக்காட்டுச் சாய்வில் அவ்விழுப்பு ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்குச் சமம். சாய்வு 12 விழுக்காடாயின் அஃது இருமடங்காகிவிடும். ‘லூப்’ எனப்படும் அந்தப் பெரு வளைவிலிருந்து கணவாய்வரை உள்ள 13 கிலோமீட்டரில் சாலை 700 மீட்டருக்குமேல் உயர்கிறது. 80 கிலோகிராமை 700 மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சுமார் 5,50,000 ஜூல் வேலை செய்யவேண்டும். அவ்வேலையை இரண்டு மணி நேரத்தில் செய்து முடிப்பவர் நொடிக்கு 76 ஜூல் வேலை செய்தவராவார். 75 வாட் மின்விளக்கு ஒன்று எரிவதற்கு வேண்டும் ஆற்றல் அவ்வளவே. உடல்நலம் உள்ள எவர்க்கும், பழகினால், இஃது இயலாததன்று.

ஆயினும் சாதாரண மிதிவண்டியில் இதனைச் செய்வது அரிது. அத்தகைய வண்டியில் மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுழலும். சமதரைக்கு அது நன்று; ஏற்றத்தில் காலுக்குத் தாங்கவொண்ணாச் சுமை. மலையேறும் வண்டியின் பின்புறத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல பற்சக்கரங்கள் உண்டு. சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்திற்கு மாற்றிவிட்டால், மிதி ஒருமுறை சுற்றப் பின்சக்கரமும் ஒருமுறையே சுழலுமாறு செய்யலாம். தொலைவு குறையும், மிதிக்கும் விசையும் அவ்வாறே குறையும். விரைவு வேண்டுவோர் இவ்வண்டியை எள்ளி நகைக்கக்கூடும். ஏற்றத்தின் பாதியில் அவர்களே இறங்கித் தள்ளிக்கொண்டிருப்பர்.

இனி இளவேனிலுக்கு வருவோம். குளிர்காலம் முழுவதும் இச்சாலையின் மேற்பகுதி பனியின்கீழ் புதைந்து கிடக்கும். கணவாய்க்குச் சற்றுக் கிழக்கே, காற்று வாரிக் குவிக்கும் பனிமேடு சில ஆண்டுகளில் 24 மீட்டர் உயரத்தையும் எட்டுவதுண்டு. ஏப்ரல் திங்களில் பணியாளர் பெரும் பொறிகளைக் கொண்டு பனியை அகற்றத் தொடங்குவர். அவ்வேலை முடிந்து, சாலை முழுவதும் மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்படுவது பெரும்பாலும் ஜூன் நடுவிலோ ஜூலைத் தொடக்கத்திலோதான். இடைப்பட்ட வாரங்களில், பனி நீங்கிய பகுதி வாயிற்கதவுக்கு அப்பால் வெறுமையாய்க் கிடக்கும். அங்கே நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் மட்டும் புகலாம்.

அவ்வாரங்களில் அச்சாலையில் நிலவும் அமைதியை எவ்வாறு கூறுவது! எஞ்சினின் முழக்கம் இல்லை, புகை இல்லை. சங்கிலி ஓடும் மெல்லொலியும், கீழே ஓடும் ஓடையின் இரைச்சலும், தன் மூச்சும் மட்டுமே ஏறுபவர் செவியில் விழும். சாலையின் ஒருபுறம் பாறை, மறுபுறம் தாழ்ந்த கற்சுவர், அதற்கப்பால் அதலபாதாளம். ஓரிடத்தில் பாறைச் சுவர் முழுவதும் நீர் கசிந்து வழிந்து சாலையையே நனைக்கும். அதனை ‘அழும் சுவர்’ என்பர். பனி விலகிய இடங்களில் மஞ்சள் நிற லில்லி மலர்கள் தலைகாட்டும். மலையாடுகள் அச்சமின்றிச் சாலையில் நின்று வருவோரை நோக்கும்.

ஆனால், இவ்வமைதி நம்மிடம் சிலவற்றைக் கேட்கிறது. பணியாளர் வேலை செய்யும் நேரங்களில் ஓர் எல்லைக்குமேல் செல்லலாகாது. பனிச்சரிவு நேரக்கூடிய இடங்களுக்கோ எந்நேரமும் செல்லலாகாது. இறங்கும்போதும் கவனம் வேண்டும். ஏறுகையில் சேர்த்துவைத்த 5,50,000 ஜூல் ஆற்றலும் இப்போது வெளிப்பட்டாகவேண்டும். ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்க வைப்பதற்கு அது போதும்! காற்றின் தடை ஒரு பகுதியைக் கொள்ள, எஞ்சியது பிரேக்குகளில் வெப்பமாக மாறும். இடைவிடாது பிடித்திருந்தால் சக்கரம் கொதித்து டயர் வெடிக்கவும் கூடும். ஆகவே, விட்டுவிட்டுப் பிடித்து இறங்குவதே முறை. ஏறுகையில் வியர்வையில் நனைந்த உடலை இறங்குகையில் பனிக்காற்று தாக்கும். விரல்கள் விறைத்துப் பிரேக்கைப் பிடிக்கவும் இயலாமற் போகும். உலர்ந்த மேற்சட்டையும் கையுறையும் கொண்டு செல்வது அறிவுடைமை.

எல்லாவற்றினும் பேரச்சம் கரடியே. கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடிகள் இப்பூங்காவில் வாழ்கின்றன. மனிதன் வரும் ஓசை கேட்டால் அவை பெரும்பாலும் விலகிச் சென்றுவிடும். மிதிவண்டியோ ஓசையின்றி விரைந்து வருவது. வளைவு திரும்பியதும் கரடியின் எதிரே நிற்க நேரிடும். 2016ஆம் ஆண்டில் பூங்காவின் எல்லைக்கு அருகே உள்ள காட்டுப்பாதை ஒன்றில், இவ்வாறு கரடியின்மேல் மோதிய ஒருவர் உயிரிழந்தார். ஆதலால், வளைவுகளை நெருங்குகையில் உரக்கக் குரல் கொடுக்கவேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர். அமைதியை நாடி வந்தவர் தாமே கூவிக்கொண்டு செல்லவேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆயினும் வேறு வழியில்லை.

கோடையில் சாலை முழுவதும் திறக்கப்பட்டதும் மோட்டார் வண்டிகள் வரிசையாய் ஏறத் தொடங்கும். குறுகிய சாலையாதலால், கூட்டம் மிக்க கோடை நாள்களில், காலை 11 மணி முதல் மாலை 4 மணிவரை, லோகன் ஓடையிலிருந்து கணவாய்க்கு மிதிவண்டியில் ஏறுவதற்குத் தடை உண்டு. அவ்வேற்றத்திற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஆகவே, அந்நாள்களில் ஏற விரும்புவோர் 8 மணிக்கு முன்னரே ஓடையைக் கடந்துவிட வேண்டும். கீழே ஏரிக்கரையில் தங்கியிருப்போர், பொழுது புலருமுன்னரே விளக்கேற்றிப் புறப்பட்டுவிடுவர்.