துலக்கியும் அகலாத பற்கறை



காலையும் இரவும் பல் துலக்கி, வுழூச் செய்யுந்தோறும் வாய் கொப்பளித்து, மிஸ்வாக் குச்சியையும் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஓர் இளைஞனின் முன்பற்களில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை படிந்திருக்குமாயின், காண்போர் என்ன எண்ணுகின்றனர்? பல் துலக்காத சோம்பேறி என்று ஒருவர் எண்ணுகின்றார். களவாகப் புகைக்கின்றான், வெற்றிலை மெல்லுகின்றான் என்று மற்றொருவர் முடிவு கட்டுகின்றார். சில வேளை அவனுடைய வாப்பாவே அவ்வாறு சந்தேகித்து, மகனின் பையைச் சோதனையிடுகின்றார். தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் நம் சமூகத்தில் அசுத்தமானவன் என்ற பெயர் இலேசான பெயரன்று. பெண் பிள்ளையாயின் துயரம் இன்னும் கூடுகின்றது. வாயைக் கையால் மறைத்தே சிரிக்கப் பழகுகின்றாள்; பாடசாலைப் புகைப்படத்தில் உதடுகளை இறுக மூடிக்கொள்கின்றாள்; திருமணப் பேச்சு எழும்போது உம்மாவின் உள்ளம் கலங்குகின்றது.

மொனராகலை மாவட்டத்தின் வெல்லவாய, புத்தல, தணமல்வில, சியம்பலாண்டுவ போன்ற பகுதிகளில் வாழ்வோருக்கு இக்காட்சி புதிதன்று. முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற பேதமின்றி அங்குள்ள பிள்ளைகள் பலரின் பற்களில் இக்கறை காணப்படுகின்றது. அதன் பெயர் பற்புளோரோசிஸ். நிலத்தடி நீரில் மிகுதியாகக் கலந்துள்ள புளோரைட்டே அதற்குக் காரணம். ஆகவே, உங்கள் பிள்ளை துலக்கும் விதத்தில் குறை தேடுவதை நிறுத்திவிட்டு, அப்பிள்ளை இரண்டு வயதில் எந்தக் கிணற்று நீரைப் பருகியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பூமிக்கடியிலுள்ள பாறைகளில் மைக்கா, ஹோர்ன்பிளெண்ட், அபற்றைற்று முதலிய கனியங்கள் உள்ளன. அவற்றிலுள்ள புளோரைட்டு, பாறையோடு நெடுங்காலம் தொட்டுக்கொண்டிருக்கும் நீரில் சிறிது சிறிதாகக் கரைகின்றது. மழை மிகுந்த பிரதேசங்களில் ஓடும் நீர் அதனை அடித்துச் சென்றுவிடும். உலர் வலயத்திலோ மழை குறைவு, ஆவியாதல் அதிகம். புளோரைட்டு நிலத்தடி நீரிலேயே தங்கிச் செறிகின்றது. பதுளை, பசறை மலைகளின் ஊற்று நீரில் பொதுவாக இத்தொல்லை இல்லாதிருப்பதும், மலையிறங்கி வெல்லவாயச் சமவெளியை அடைந்ததும் தொல்லை தொடங்குவதும் இதனாலேயே. கைப்பம்பு பூட்டிய ஆழமான குழாய்க்கிணறுகள் கிருமிகளிடமிருந்து நம்மைக் காத்தன என்பது உண்மை. ஆயினும், நீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகின்றதோ அவ்வளவுக்குப் பாறையின் சாரமும் அதனுடன் வரக்கூடும். அந்நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். புளோரைட்டுக்கு நிறமில்லை, நாம் பருகும் அளவில் சுவையுமில்லை, மணமுமில்லை.

பல்லின் வெளிக்கவசமாகிய மிளிரி, அதாவது எனாமல், பல் வெளிவந்த பின்னர் உருவாவதன்று. நிரந்தர முன்பற்களின் மிளிரி பிறந்த சில மாதங்களில் தொடங்கி ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் முரசுக்குள்ளேயே உருவாகி முடிகின்றது. கடைவாயின் ஞானப்பற்கள் நீங்கலாக ஏனைய பற்களுக்கு எட்டு வயதளவில் அவ்வேலை நிறைவுறும். அக்காலத்தில் குழந்தையின் உடலில் புளோரைட்டு மிகுந்தால் மிளிரி முழுமையாக இறுகாது. நுண்துளைகளுடன் முதிர்ச்சி குன்றியதாக அமையும். ஆறு, ஏழு வயதில் பல் முளைக்கும்போது சுண்ணாம்பு போன்ற வெண்கோடுகளோ திட்டுகளோ மட்டுமே தெரியும். பின்னர் தேநீர், கறி முதலியவற்றின் சாயம் அந்நுண்துளைகளில் ஊறி, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகவும் கபிலமாகவும் மாறும். கறை பல்லின் மேலே ஒட்டியிராமல் உள்ளே ஊறியிருக்கையில் தூரிகை என்ன செய்யும்? மிஸ்வாக்கும் அவ்வாறே. அது வாயைத் தூய்மையாக்கும், நபிவழியைப் பேணிய நன்மையும் உண்டு. எனினும் முரசுக்குள் இருந்தபோதே ஏற்பட்ட குறையைக் களைவது அதன் வேலையன்று.

எட்டு வயதுக்குப் பின்னர் இப்பிரதேசத்துக்கு வந்து குடியேறியவருக்கு இக்கறை ஏற்படாதிருப்பதும் இதனாற்றான். ஒரே வீட்டில் மூத்தவனுக்கு வெண்பல், இளையவனுக்குக் கறைப்பல் என்றிருந்தால், இருவரும் குழந்தைகளாக இருந்த காலத்தில் வீட்டுக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இவ்வாறு கணக்கிட்டு உண்மையைக் கண்ட பெற்றோர் முன்னரும் இருந்தனர். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901ஆம் ஆண்டு வந்த பிரெடெரிக் மக்கே என்ற இளம் பல் வைத்தியர், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பலரின் பற்களில் கபிலநிறக் கறையைக் கண்டு வியந்து, அதன் காரணத்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1923ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூர்ப் பெற்றோர் அவரிடம் ஒரு செய்தி கூறினர்: ஐந்து மைல் தொலைவிலுள்ள வெந்நீரூற்றிலிருந்து ஊருக்குப் பொதுக்குழாய் அமைத்த பின்னரே தங்கள் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றத் தொடங்கியது என்பதே அது. மக்கே அந்நீரைச் சோதித்தார். அன்றைய சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் அக்குழாயைக் கைவிட்டு அருகிலிருந்த வேறோர் ஊற்றைப் பயன்படுத்துமாறு அவர் ஆலோசனை கூற, ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் அவ்வூரின் இளம்பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. காரணம் புளோரைட்டுத்தான் என்பதை ஹெரி சேர்ச்சில் என்ற இரசாயனவியலாளர் கண்டறிந்தது அதற்கும் பின்னர், 1931இல். இரசாயனவியலாளர் காணுமுன் தாய்மார் கண்டுவிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

நம் அயலிலும் இது பழைய கதையே. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், புளோரைட்டு மிகுந்த நீரை நெடுங்காலம் பருகியோரின் பற்கள் மட்டுமன்றி எலும்புகளும் பாதிப்புற்றமை 1937இல் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டம் இத்துயருக்காகவே வகுக்கப்பட்டு 2013இல் திறந்துவைக்கப்பட்டது. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க உள்ளிட்டோர் நிலத்தடி நீரின் புளோரைட்டுப் பற்றிப் பல்லாண்டுகள் ஆய்வு செய்து எழுதியுள்ளனர்.

எவ்வளவு புளோரைட்டு தீங்கானது? உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் நீருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வகுத்து, தட்பவெப்பத்தையும் மக்கள் பருகும் நீரின் அளவையும் கருத்திற் கொள்ளுமாறும் கூறியுள்ளது. நம் வெயிலில் பிள்ளைகள் குளிர்நாட்டுப் பிள்ளைகளைவிட மிகுதியாக நீர் அருந்துகின்றனர். ஆகவேதான் இலங்கையில் 1992இல் வெளிவந்த ஓர் ஆய்வு 0.8 மில்லிகிராமே இங்கு தகுந்த எல்லை என்றது. 2013இல் திருத்தப்பட்ட நம் நாட்டுக் குடிநீர்த் தரமும் 1.0 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. எனவே வெளிநாட்டு அளவைக் கூறி, உங்கள் கிணறு பாதுகாப்பானது என்று எவரேனும் சொன்னால், அந்த எண் யாதென்று கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் நீரைச் சோதிக்கலாம். எங்கு, எவ்வாறு ஒப்படைப்பது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். அடுத்தடுத்த இரு கிணறுகளில்கூட அளவு பெரிதும் வேறுபடும் என்பதால், அயல்வீட்டாரின் அறிக்கை உங்களுக்கு உதவாது.

எண் கூடுதலாக இருப்பின் என்ன செய்வது? கொதிக்க வைப்பதால் பயனில்லை. கொதிக்கையில் நீர் ஆவியாகும், புளோரைட்டு எஞ்சும். செறிவு கூடுமேயன்றிக் குறையாது. வீடுகளில் வைக்கும் சாதாரண மெழுகுதிரி வடிகட்டியும் கிருமியைத் தடுக்குமேயன்றிப் புளோரைட்டைத் தடுக்காது. அண்மைக் காலத்தில் உலர் வலயக் கிராமங்கள் பலவற்றில் அமைக்கப்பட்டுள்ள ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு நிலையங்கள், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால், அதனை அகற்றுகின்றன. செலவு குறைந்த வழியொன்றையும் நம் நாட்டவரே உருவாக்கினர். நீர் வழங்கல் சபையைச் சேர்ந்த பத்மசிரி, பேராசிரியர் திசாநாயக்கவுடன் இணைந்து 1995இல் அதனை விவரித்து எழுதினார். புதிதாகச் சுட்ட செங்கல்லை உடைத்துக் கலனொன்றில் நிரப்பி, அடியிலிருந்து மேல்நோக்கி நீரைச் செலுத்துவதே அம்முறை. செங்கல்லிலுள்ள அலுமினியச் சேர்வைகள் புளோரைட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை செங்கல் துண்டுகளை மாற்றியே ஆகவேண்டும். மறந்தால் அக்கலன் வெறும் அலங்காரப் பொருளே. வேறு சில நாடுகளில் விலங்கெலும்பைச் சுட்ட கரியை இதற்குப் பயன்படுத்துகின்றனர். அது எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்ற வினா நம் வீடுகளில் எழுவது இயல்பே. செங்கல்லில் அச்சிக்கல் இல்லை.

வீட்டுத் தேவை முழுவதற்கும் நீரை மாற்ற இயலாதோர் மனந்தளர வேண்டாம். குளிக்கவும் துவைக்கவும் வுழூச் செய்யவும் அதே கிணறு போதும்; விழுங்காத நீர் பல்லைப் பாதிக்காது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பருகும் நீரையும் அதற்குச் சமைக்கும் நீரையும் மாற்றினால் பெரும்பகுதி வென்றாயிற்று. மழைநீரில் புளோரைட்டு அநேகமாக இல்லை. நூறு சதுர மீற்றர் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றர் நீர் விழுகின்றது. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் வீதம் ஒரு குழந்தைக்கு ஆண்டு முழுவதும் வேண்டியது ஐந்நூற்றைம்பது லீற்றர் அளவே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மழையில், முதல் மழையைக் கூரை கழுவப்பட விட்டுவிட்டு, பின்னர் விழுவதை மூடிய தாங்கியில் சேமித்து, கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கலாம். பள்ளிவாசலின் கூரை வீட்டுக் கூரையினும் பன்மடங்கு பெரிது. நிருவாக சபையினர் இதனைச் சிந்தித்தால், குழந்தையுள்ள வீடுகள் பல பயன்பெறும்.

கைக்குழந்தை விடயத்தில் தாய்மார் அவசியம் அறியவேண்டியது ஒன்றுண்டு. தாய் புளோரைட்டு மிகுந்த நீரைப் பருகினாலும் அவளது பாலில் அது மிக மிகக் குறைவாகவே சேர்கின்றது. அதே கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும்போதோ முழுப் புளோரைட்டும் குழந்தையின் வயிற்றுக்குச் செல்கின்றது. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றி நம் மார்க்கம் கூறியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். முன்பற்களின் மிளிரி உருவாகும் காலத்தின் ஒரு பகுதி அவ்விரு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்குகின்றது.

தேநீரும் இங்கு பேசப்பட வேண்டியதே, தோட்டப் பகுதிகளில் வாழ்வோருக்குச் சிறப்பாக. தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. முதிர்ந்த இலையில் அது இன்னும் அதிகம். நல்ல ஊற்று நீர் கிடைக்கும் தோட்டத்திலும், தூள்தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்ட சாயத்தை மூன்று வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் கொடுப்பது நன்றன்று. பற்பசையைப் பொறுத்தவரை, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்புகின்றதா என்று பெரியவர் அருகிலிருந்து பார்க்கவேண்டும். வளர்ந்தவர்கள் புளோரைட்டுப் பற்பசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. முளைத்த பல்லில் அது புதிய கறையை உண்டாக்காது, சூத்தையையும் தடுக்கும்.

எல்லாக் கறையும் புளோரோசிஸ் அன்று. வலப்புறப் பல்லிலும் அதற்கு நேரான இடப்புறப் பல்லிலும் ஒரே விதமாகக் கோடும் திட்டும் இருப்பின் புளோரோசிஸாக இருக்கக்கூடும். ஒரு பல் மாத்திரம் கறுத்திருந்தால், எப்போதோ விழுந்து அடிபட்டதா என்று யோசிக்கவேண்டும். முரசோரமாகப் படியும் தேநீர், வெற்றிலை, புகையிலைக் கறை, வைத்தியர் பல்லைச் சுரண்டிச் சுத்தஞ்செய்தால் நீங்கிவிடும். சிறுவயதில் உட்கொண்ட டெட்ராசைக்கிளின் மருந்தால் சாம்பல் நிறப் பட்டைகள் ஏற்படுவதும் உண்டு. தீர்மானிக்க வேண்டியவர் பல் வைத்தியரே.

இளம் சகோதரனே, சகோதரியே! கரித்தூள், செங்கற்பொடி, உப்பு, எலுமிச்சம்பழச் சாறு, அப்பச்சோடா என்று எதையேனும் கொண்டு தேய்த்துத் தேய்த்து உள்ள மிளிரியையும் இழந்துவிடாதீர்கள். ஏற்கனவே நுண்துளை கொண்ட பல் அது. தேய்ந்தால் கூச்சமெடுக்கும், கறை முன்னிலும் விரைவாகப் பிடிக்கும். ஒரே நாளில் வெண்பல் என்று விற்கப்படும் திரவங்களையும் தொடாதீர்கள். பல் வைத்தியத்தில் இதற்கு முறையான வழிகள் உண்டு. கறை மேலோட்டமானதாயின், மிதமான அமிலமும் நுண்பொடியும் கொண்டு மிளிரியின் மிக மெல்லிய மேற்படையை மாத்திரம் அகற்றுவர். தேவையாயின் அதனுடன் வெண்மையாக்கும் சிகிச்சையும் செய்வர். தொடக்கத்தில் வெண்திட்டுகள் முன்னிலும் எடுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். நுண்துளைகளில் பிசினை ஊறவிட்டு நிறவேறுபாட்டை மறைக்கும் முறையும் உண்டு. கறை ஆழமானதாயின் பல்நிறப் பூச்சினாலோ மெல்லிய பீங்கான் தகட்டினாலோ முன்புறத்தை மூடுவர். பல்லைப் பெரிதும் செதுக்கவேண்டிய சிகிச்சைகளை வளர்ச்சி முடியும்வரை ஒத்திவைப்பதே நன்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உறை போடுங்கள் என்று பெற்றோர் வற்புறுத்தலாகாது.

பதுளை, மொனராகலை அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுக்கு முதலில் செல்லுங்கள். கூடுதல் சிகிச்சை தேவைப்படின், பேராதனைப் பல் வைத்திய பீடத்தின் வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கடிதம் தருமாறு அங்கு கேட்கலாம். செல்லும்போது, பிறந்தது முதல் எட்டு வயது வரை எந்த ஊரில் இருந்தீர்கள், எந்த நீரைப் பருகினீர்கள் என்று உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அதுவே. வீட்டில் தம்பி தங்கையர் தவழ்ந்துகொண்டிருந்தால், அத்தாளின் ஒரு பிரதியைச் சமையலறைச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.