அந்நியர் யார்?

இங்கிலாந்துக்கும் வேல்ஸ் தேசத்துக்கும் நடுவே பண்டைக் காலத்து மண் கரை ஒன்று வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதற்கு ஓபா மன்னனின் கரை என்று பெயர். 757 முதல் 796 வரை மெர்ஸியா ராஜ்யத்தை ஆண்ட ஓபா இதனைக் கடலிலிருந்து கடல்வரை எழுப்புவித்தான் என்று, அஸ்ஸர் என்னும் வேல்ஸ் பாதிரியார் 893-ல் எழுதி வைத்தார். இன்றும் சுமார் 80 மைல் நீளத்துக்கு அதன் அடையாளங்கள் காணப்படுகின்றன. சில இடங்களில் கரையும் அகழியும் சேர்ந்து 60 அடிக்கு மேல் அகலம் உண்டு. இது அரணா, எல்லைக் குறியா என்று பண்டிதர்கள் வாதிக்கட்டும். அகழி மேற்குப் புறத்தில், வேல்ஸ் ஜனங்களை நோக்கி வெட்டப்பட்டிருக்கிறது. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இத்தனை மண்ணையும் மனிதர் கைகளே வெட்டிக் குவித்தன. மன்னன் பெயர் சரித்திரத்தில் நிலைத்தது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை.

இவ்வளவு பிரயாசையின் பலன் யாது? மெர்ஸியாவுக்கு நாசம் மேற்கிலிருந்து வரவில்லை. கடல் கடந்து வந்த டேனியர்கள் 874-ல் அதன் அரசன் பர்க்ரெட்டைத் துரத்தினார்கள். அவன் ரோமாபுரிக்கு ஓடினான். அப்போது ஓபா காலமாகி எண்பது வருஷங்கள்கூட ஆகவில்லை.

மற்றொரு விநோதமும் கவனிக்கத்தக்கது. ‘வெல்ஷ்’ என்னும் பெயர், பழைய ஆங்கிலத்தில் அந்நியன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. அத்தீவில் முன்னரே குடியிருந்தவர்களைப் பின்னால் வந்து குடியேறியவர்கள் அந்நியர் என்று அழைத்தார்கள்! அந்த ஜனங்களோ தங்களைக் ‘கும்ரி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஒரே நாட்டார் என்பது அதன் கருத்து.

1283-ல் முதலாம் எட்வர்டு வேல்ஸை முற்றிலும் அடக்கினான். எட்டாம் ஹென்றி காலத்தில் 1536-ல் இயற்றப்பட்ட சட்டம், நியாயஸ்தலங்களில் ஆங்கிலமே வழங்கவேண்டும் என்றும், ஆங்கிலம் வழங்காதவனுக்கு உத்தியோகம் இல்லை என்றும் விதித்தது. தான் அறியாத பாஷையில் தன் வழக்கு நடப்பதைப் பார்த்து விழித்து நிற்கும் கட்சிக்காரனின் நிலை, நியாயஸ்தலங்களில் பழகிய நமக்குத் தெரியாததல்ல. 1847-ல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை, வெல்ஷ் மொழியே அந்நாட்டின் அபிவிருத்திக்குத் தடை என்று இகழ்ந்தது. அந்த நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில், தாய்மொழி பேசிய குழந்தைகளின் கழுத்தில் அவமானச் சின்னமாக மரத்துண்டு தொங்கவிடப்பட்டது.

ஜனங்கள் சளைக்கவில்லை. இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக 1967-லும் 1993-லும் மொழிச் சட்டங்கள் பிறந்தன. 1999-ல் வேல்ஸுக்குச் சொந்தச் சட்டசபை கூடிற்று. 2011-ல் வெல்ஷ் மொழி அந்நாட்டில் அரசாங்க பாஷை என்ற அந்தஸ்தைச் சட்டப்படி பெற்றது. ஆயினும் 2021-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அதைப் பேச வல்லவர்கள் சுமார் 5,38,000 பேரே; அதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை. நானூறு வருஷத்து அநீதியை நாற்பது வருஷத்தில் துடைத்துவிட முடியாது என்பதற்கு இதுவே அத்தாட்சி.

ஓபாவின் கரை இன்று பெரும்பாலும் எல்லையாகவும் இல்லை. 1971 முதல் அதையொட்டி யாத்திரிகர்கள் உல்லாசமாக நடந்து போகிறார்கள். அந்நியர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் மொழியோ சட்டசபையில் ஒலிக்கிறது. பள்ளிக்கூடத்திலும் நியாயஸ்தலத்திலும் தன் மொழியைக் காத்துக்கொள்ளும் ஜாதியே தலை நிமிர்ந்து வாழும். அந்த உரிமையை எந்தச் சர்க்காரும் தானமாகக் கொடுத்ததில்லை. ஜனங்களே ஒன்றுகூடிக் கேட்டுப் பெறவேண்டும்.