டிராக்டர் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? சேற்றில் நின்ற வண்டிக்குக் கைகொடுக்கும் கருவிகள்

காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர், இழை அறுந்தால் எழுந்து கடைக்கு ஓடுவதில்லை. அதைச் சேர்க்கத் தேவையானது எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கும். பட்டு நகரத்தை ஒட்டியே இருக்கிறது ஏனாத்தூர். அங்கே வயலில் டிராக்டர் ஓட்டுபவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. கலப்பையைப் பிடித்திருக்கும் லிஞ்ச் பின் ஒன்று கழன்று சேற்றில் விழுந்தால் போதும், கலப்பை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு பின் வாங்கி வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும்.

அரை நாள் என்பது சின்ன இழப்பு அல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிப்பாசனத்தை நம்பியது. சொர்ணவாரி, சம்பா, நவரை என எந்தப் பட்டமானாலும் மடையில் தண்ணீர் வரும் நாள், வண்டி கிடைக்கும் நாள், நடவு ஆட்கள் வரும் நாள் மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். குறுகிய கால நெல் ரகத்தின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும். அதைத் தாண்டினால் தூர் குறையும். வண்டி ஒரு நாள் நின்றால் அந்தக் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும். வாடகை வண்டி என்றால் அடுத்த வயல்காரரும் காத்திருப்பார்.

ஆகவே வண்டியோடு போகும் கருவிப் பெட்டியையும் விதை, உரம் போலக் கணக்குப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வண்டியைச் சுற்றி வாருங்கள்

பலரும் செய்யும் தவறு, கடையில் பளபளவென்று இருக்கும் பெரிய செட்டை வாங்கிவிடுவது. அதில் பாதி, அந்த வண்டியின் எந்த நட்டுக்கும் பொருந்தாது. வேலை இல்லாத ஒரு நாளில், தெரிந்த மெக்கானிக்கிடம் ஸ்பேனர் செட்டை இரவல் வாங்கி, வண்டியையும் கலப்பையையும் ரோட்டவேட்டரையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வயலில் கழற்ற வேண்டி வரும் நட்டு ஒவ்வொன்றிலும் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்து, அளவை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் அதுவே வாங்க வேண்டிய பட்டியல்.

பொதுவாக, எம்-6 போல்ட்டுக்கு 10 மி.மீ., எம்-8 போல்ட்டுக்கு 13 மி.மீ., எம்-10 போல்ட்டுக்கு 17 மி.மீ., எம்-12 போல்ட்டுக்கு 19 மி.மீ., எம்-16 போல்ட்டுக்கு 24 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். சில புதிய வண்டிகளில் எம்-10 போல்ட்டுக்கு 16, எம்-12 போல்ட்டுக்கு 18 என்றும் வரும். அதனால்தான் போட்டுப் பார்ப்பது முக்கியம்.

பழைய மாசி ஃபெர்குசன் போன்ற வண்டிகளில் அங்குல அளவு போல்ட்டுகள் உண்டு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. என்பதால் அதில் 19 ஸ்பேனர் உட்காரும். ஆனால் அரை அங்குலம் 12.7 மி.மீ.தான். அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் லூசாக இருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் அங்குல ஸ்பேனர் நாலைந்து தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் வைக்க வேண்டியவை

ஸ்பேனர்: தேவையான அளவுகளில் ரிங் ஸ்பேனரும் டபுள் எண்ட் ஸ்பேனரும் வேண்டும். ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கும். துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு முதலில் ரிங்கைத்தான் எடுக்க வேண்டும். டீசல் குழாய் நட்டு போல ரிங் நுழையாத இடத்துக்கு மற்றது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும். ஆனால் அது அவசரத்துக்குத்தான். திருகும்போது விசை முழுவதும் அதன் அசையாத தாடையில் விழும்படி பிடிக்க வேண்டும்.

பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், உளி: பின் மடக்கவும் கம்பி வெட்டவும் கட்டிங் பிளேயர். பட்டை முனை, நட்சத்திர முனை என இரண்டு ஸ்க்ரூ டிரைவர். ஒரு கிலோ சுத்தியலும், மாட்டிக்கொண்ட பின்னைத் தட்டி வெளியேற்ற ஒரு உருட்டுக் கம்பியும் போதும்.

கிரீஸ் கன்: சேற்றுழவு நாட்களில் தண்ணீர் புகும் இடங்களுக்குத் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அடித்தால், உள்ளே போன சேற்றுத் தண்ணீரைப் புது கிரீஸ் வெளியே தள்ளிவிடும்.

வீல் ஸ்பேனர், ஜாக்கி, பலகை: சேற்றில் வெறும் ஜாக்கியை வைத்தால் ஜாக்கிதான் கீழே இறங்கும், வண்டி ஏறாது. அடியில் வைக்க ஓர் அடி அகல கனமான பலகையும், தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை இரண்டும் கூடவே இருக்க வேண்டும்.

மண்வெட்டி, இரும்புச் சங்கிலி, டார்ச் லைட், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், முதலுதவிப் பொருட்கள்: வண்டியோடு எப்போதும் இருக்க வேண்டியவை.

கருவியை விட முக்கியம் உதிரி

வயலில் வண்டி நிற்பதற்குப் பல நேரங்களில் கையளவு பொருளே காரணம். லிஞ்ச் பின் நான்கு, டாப் லிங்க் பின் ஒன்று, கேஜ் வீல் போல்ட் நட்டு சில, ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர் ஒன்று, ஃபியூஸ் சில ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் டவுனுக்கு ஓடும் வேலை பெரும்பாலும் மிச்சம். பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கு வி-பெல்ட் ஒரு ஜோடி.

பி.டி.ஓ. ஷாஃப்டில் ஷியர் போல்ட் உள்ள கருவி என்றால் அதில் கூடுதல் கவனம் தேவை. ரோட்டவேட்டர் கல்லிலோ வேரிலோ மாட்டும்போது கியர் பாக்ஸ் உடையாமல் இருப்பதற்காகவே அந்த போல்ட் முதலில் அறுந்துபோகும். ‘அடிக்கடி அறுகிறதே’ என்று அதைவிடக் கடினமான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை அறுவது கியராக இருக்கும். போல்ட் தலையில் 8.8 போன்ற எண் பொறித்திருக்கும். பழைய போல்ட்டில் என்ன எண்ணோ அதே எண்ணில், அதே பருமனில் நாலைந்து வாங்கி வைப்பதே சரி.

டீசலில் காற்று புகுந்தால்

டீசல் தீர்ந்து வண்டி நின்றால், டீசல் ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். இதை ஓட்டுநரே சரிசெய்யலாம். டீசல் நிரப்பிய பிறகு, ஃபில்டரின் மேல் உள்ள காற்று நீக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அடிக்க வேண்டும். நுரையோடு வரும் டீசல், குமிழி இல்லாமல் வரத் தொடங்கியதும் திருகை இறுக்க வேண்டும். பிறகு டீசல் பம்ப்பில் உள்ள திருகிலும் இதையே செய்ய வேண்டும். இதற்குத் தேவை ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் மட்டுமே. எந்த அளவு ஸ்பேனர் என்பதை முன்பே பார்த்து, அதன் கைப்பிடியில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைக்கலாம்.

இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அங்கே டீசல் வரும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

எந்தக் கருவியும் உதவாத இடம்

சேற்றில் பின் சக்கரம் புதைந்துவிட்டால், சிலர் சக்கரத்தோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டி வண்டியை முன்னால் எடுக்கப் பார்ப்பார்கள். இது உயிரைப் பறிக்கும் பழக்கம். கட்டை சேற்றில் மாட்டிக்கொண்டால் சக்கரம் சுற்ற முடியாது. இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தை மேலே தூக்கும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேலேயே விழும்.

புதைந்ததும் முறுக்கிக்கொண்டே இருந்தால் குழிதான் ஆழமாகும். உடனே நிறுத்தி, கலப்பையைக் கழற்றி, மண்வெட்டியால் சக்கரத்தின் பின்பக்க மண்ணை வெட்டிச் சரிவாக்கி, ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் இன்னொரு டிராக்டரை அழைப்பதுதான் வழி. இழுக்கும் வண்டியின் டிராபாரில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும். டாப் லிங்க் இடத்திலோ ஆக்சிலிலோ மாட்டினால் இழுக்க வந்த வண்டியும் கவிழும். இழுக்கும்போது சங்கிலி அறுந்து தெறிக்கலாம். அருகில் யாரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் வரப்பில்கூட நிற்கக் கூடாது.

ரோட்டவேட்டரில் வைக்கோலோ கயிறோ சுற்றிக்கொண்டால், இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் அரிவாளை எடுக்க வேண்டும். தூக்கி நிற்கும் கருவியின் அடியில் முட்டுக் கொடுக்காமல் கையை நீட்டக் கூடாது.

தரம் பார்ப்பது எப்படி?

மட்டமான இரும்பில் செய்த ஸ்பேனரின் வாய், நாலு முறை பலம் கொடுத்தால் விரிந்துவிடும். பிறகு அது நட்டையும் கெடுக்கும். குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்ததையும், அளவு தெளிவாகப் பதித்ததையும் பார்த்து வாங்க வேண்டும். பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா ஊர்களில் செய்யும் கைக்கருவிகள் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. முப்பது மட்டமான கருவியை விட எட்டு நல்ல கருவி மேல்.

வழக்கமாக எழும் கேள்விகள்

கேள்வி: கருவிகள் துருப்பிடிக்காமல் வைப்பது எப்படி?

பதில்: வேலை முடிந்ததும் சேற்றைத் துடைத்து, பழைய இன்ஜின் ஆயில் தொட்ட துணியால் தடவி, அந்தத் துணியிலேயே சுற்றி வைத்தால் போதும். பெட்டியின் அடியில் இரண்டு ஓட்டை இருந்தால் தண்ணீர் தங்காது.

கேள்வி: வயலிலேயே கருவி தொலைந்துபோகிறதே?

பதில்: கைப்பிடிகளில் மஞ்சள் அல்லது சிவப்பு பெயின்ட் அடித்து வைக்கலாம், சேற்றிலும் கண்ணில் படும். பெட்டி மூடியின் உள்பக்கம் எத்தனை கருவி என்று எழுதி, வண்டியை எடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். சேற்றில் விட்ட ஸ்பேனர் அறுவடை இயந்திரத்திலோ அடுத்த உழவில் ரோட்டவேட்டரிலோ மாட்டினால் செலவு பல மடங்கு.

கேள்வி: பேட்டரி கம்பியைக் கழற்றும்போது எதை முதலில் எடுக்க வேண்டும்?

பதில்: நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

கேள்வி: சொந்த டிராக்டர் இல்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறோம். எங்களுக்கு இது தேவையா?

பதில்: வேளாண் பொறியியல் துறையின் வண்டியை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் பதிவு செய்தாலும், தனியாரிடம் எடுத்தாலும், வண்டி வயலில் இறங்கும் முன் ‘லிஞ்ச் பின், ஷியர் போல்ட் கூடுதலாக இருக்கிறதா?’ என்று கேட்பது நல்லது. லிஞ்ச் பின் இரண்டை வீட்டிலேயே வாங்கி வைத்தாலும் செலவு அதிகமில்லை.

நாற்றங்காலில் விதை விட்ட அன்றே கருவிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். குறைவதை வாங்க இருபது நாள் அவகாசம் இருக்கிறது. சேற்றில் வண்டி நின்ற பிறகு அந்த அவகாசம் கிடைக்காது.